கிழித்த தாள்கள்

திருப்பூரில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களே நம்புவதில்லை. காதர்பேட்டைக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது கடை. பக்கத்துக் கடையில் எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட செகண்ட்ஸ் பனியன் விற்கிறார்கள். அங்கே போக வேண்டியவர்களில் பாதிப் பேர் தவறி என் கடைக்குள் தலையை நீட்டி, "எக்ஸ்எல் இருக்குங்களா?" என்று கேட்பார்கள். "இருக்குங்க, ஆனா படிக்கத்தான் முடியும்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. இருபது வருஷம் இந்தப் படிக்கடியில் குந்தியிருந்ததில் முதுகு வளைந்ததுதான் மிச்சம்.

பழைய புத்தகம் பெரும்பாலும் சாவு வீட்டிலிருந்துதான் வரும். ஆள் போனதும் முதலில் கட்டிலைக் கழற்றுவார்கள், அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள். வாங்குகிறவர்களுக்கு இது தெரியக்கூடாது. முதல் பக்கத்தில் யாருடைய பெயராவது இருந்தால், "செத்தவிங்க ஊட்டு புஸ்தகமாங்க?" என்று கேட்டுவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் கடைக்கு வந்ததும் பெயர் எழுதிய தாள், அன்பளிப்பு எழுதிய தாள், பேனாவால் கிறுக்கிய வெள்ளைத்தாள் எல்லாவற்றையும் கிழித்துவிட வேண்டும். சிலர் கையால் பிய்ப்பார்கள். தையல் விட்டுப்போகும். நான் ஸ்டீல் ஸ்கேலைத் தையலோடு ஒட்டவைத்து ஒரே இழுப்பில் எடுப்பேன். அங்கே ஒரு தாள் இருந்தது என்று அதை பைண்டு செய்தவனே வந்து பார்த்தாலும் சொல்ல முடியாது. இதில் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கர்வம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீரபாண்டியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவர் புத்தகம் வைத்திருந்த அறையை வடநாட்டுப் பையன்கள் நாலு பேருக்கு வாடகைக்கு விடப்போகிறார்கள். "ஒண்ணாந் தேதி வாராங்க சாமி. அதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்" என்றார்.

அலமாரி நிறையத் தொடர்கதை பைண்டுகள். வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வாராவாரம் பிரித்தெடுத்து, சேர்ந்ததும் அவரே தைத்திருந்தார். பனியன் பெட்டி அட்டைதான் மேலட்டை. முதுகுக்குப் பனியன் கழுத்தில் வைக்கும் ரிப் துணியை ஒட்டியிருந்தார். அந்தக் காலத்து வாரப் பத்திரிகைப் படங்களுக்காகவே இப்படிப்பட்ட பைண்டுகளைத் தேடி வருகிறவர்கள் உண்டு என்பதால் உள்ளுக்குள் குதித்தேன், வெளியே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பைண்டின் கடைசியிலும் ஒரு வெள்ளைத்தாள் வைத்துத் தைத்திருந்தார். கதையைப் படித்து முடித்த தேதியும், அதன் கீழே இரண்டு மூன்று வரிகளும் அதில் இருந்தன. ஒன்றைப் படித்தது நினைவிருக்கிறது. "கதை சுமார். கடைசியில் அவசரப்பட்டு முடித்துவிட்டார்கள். இன்றும் தண்ணீர் வரவில்லை." சிரித்துக்கொண்டேன். மற்றவற்றைப் படிக்கவில்லை. இரண்டு பகல் உட்கார்ந்து அத்தனையையும் கிழித்தேன். பின்பக்கம் வெற்றாக இருந்ததால் கொஞ்சம் தாள்களைத் துண்டுச்சீட்டுக்கு எடுத்துவைத்தேன். வாடிக்கையாளர்கள் கேட்கும் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுக்க ஆகும். மற்றதைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டேன்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு பெண் வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. எக்ஸ்எல் கேட்கப்போகிறார் என்று நினைத்துப் பதிலை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் வீரபாண்டி வீட்டைச் சொல்லி, "அங்க புஸ்தகம் எடுத்தது நீங்கதானுங்களா?" என்றார். அந்த வீட்டு மகள். தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

நின்றுகொண்டே சொன்னார். பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்த தெற்கத்திக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார். அவர் கிறிஸ்தவர். அன்றோடு அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். பதினாலு வருஷம். சாவுக்குக்கூட இவருக்குச் சொல்லவில்லை. இப்போதுதான் அம்மா பேச ஆரம்பித்திருக்கிறார்.

"எங்கப்பா வாயத் தொறந்து எதும் சொல்ல மாட்டாருங்க. ஆனா ஒவ்வொரு புஸ்தகத்துக்குக் கடைசியிலயும் அன்னன்னிக்கு நடந்தத எழுதி வெச்சிருவாருன்னு அம்மா சொல்லுச்சுங்க. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இத்தன வருசத்துல ஒருக்காவாச்சும் என்னப் பத்தி எழுதியிருப்பாரல்லங்க? அதத்தான் பாக்கோணும்."

விற்காமல் கிடந்த பைண்டுகளை இறக்கிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "தொடரும்" என்ற வார்த்தை இல்லாத கடைசி அத்தியாயம், அதற்குப் பிறகு அட்டை. அவ்வளவுதான். நாலைந்து பார்த்த பிறகு நிமிர்ந்தார். கிழித்துவிட்டேன் என்று சொன்னேன், ஏன் கிழித்தேன் என்றும் சொன்னேன். தையலோரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கிழிச்ச தடமே தெரியலீங்க" என்றார். என் வேலையை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. செருப்பால் அடித்திருந்தால் தேவலாம்.

தேடித் தருகிறேன் என்று வாய்விட்டேன். அவர் நம்பினார், அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டார். அவருக்குக் கம்பெனி லீவு அன்றைக்குத்தானே.

எடைக்குப் போட்ட குடோனுக்குப் போனேன். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் நான் கேட்டதைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஏனுங்க, நீங்க போட்ட பேப்பரெல்லாம் மில்லுக்குப் போயி அரைச்சு, அட்டையாகி, கோனு ஆயி, இந்நேரம் அதுமேல நூலே சுத்தியிருப்பாங்க." பைண்டு வாங்கிப்போனவர்களைக் கேட்டு என்ன பிரயோஜனம்? அவற்றையும் சுத்தமாகக் கிழித்துத்தானே கொடுத்தேன். நான் அசட்டையாக வேலை செய்கிறவனாக இருந்திருந்தால் இரண்டு தாளாவது தப்பித்திருக்கும்.

அப்போதுதான் துண்டுச்சீட்டுகள் நினைவுக்கு வந்தன. கடையில் ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். சீட்டையெல்லாம் யார் வைத்திருப்பார்கள்? ஒருவர் மட்டும் வைத்திருந்தார். கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். என் சீட்டுகளைத்தான் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைப்பாராம். வீட்டையே புரட்டிப் போட்டு மூன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஏதோ சாதித்துவிட்டவன் மாதிரி கடைக்கு வந்தேன். மூன்றையும் படித்துப் பார்த்தேன். மகளைப் பற்றி ஒன்றிலும் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கெட்டதாகவும் ஒன்றும் இல்லை. அப்பாவின் கையெழுத்தாவது கிடைத்ததே என்று சந்தோஷப்படுவார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். முதல் சீட்டைப் படித்ததும் முகம் மலர்ந்தது. "இது நான் ஏழாவது படிக்கறப்பங்க. கரண்டு இல்லாம லாந்தர் வெச்சுப் படிச்சாராம், பாருங்க" என்று எனக்கே படித்துக் காட்டினார். இரண்டாவது அதற்கும் முந்தியது. புதுச் சைக்கிள் வாங்கிய நாள் போலிருக்கிறது. அந்தச் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து மருதமலைக்குப் பஸ் பிடிக்கப் போனதைச் சொன்னார். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு மனசு லேசாக இருந்தது.

மூன்றாவதை எடுத்தார். "மழை. பல்வலி. கதை பரவாயில்லை. இன்று வீட்டுக்கு யாரும் வரவில்லை." அவ்வளவுதான் அதில். தேதி, மாதம், வருஷம் எல்லாம் கணக்கெழுதுகிறவர் கையெழுத்தில் தெளிவாக இருந்தன. அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வரியைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகாதே என்று எனக்குத் தோன்றியது.

"கொழந்தைக்கு அன்னிக்கு நாப்பத்தொரு நாளுங்க" என்றார். "கூட்டிட்டுப் போயி காட்டலாம்னு போனோம். நல்ல மழை. கேட்டுக்கு வெளிய நின்னுட்டு அப்பா, அப்பான்னு கூப்பிட்டேன். ஜன்னலத் தொறந்து பாத்தாருங்க. கொழந்தையத் தூக்கிக் காட்டுனேன். சாத்திக்கிட்டாரு."

"வேற நாளா இருக்குமுங்க" என்று உளறினேன். "பல்வலி வேற, மழைல ஆள் யாருன்னு தெரிஞ்சிருக்காது."

"இல்லீங்க. தேதி எனக்கு மறக்காதுங்க. எம் பேரச் சொல்லித்தான், 'போயிரு'ன்னாரு."

பக்கத்துக் கடையில் யாரோ பனியனின் தையலை இழுத்துப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் முதல் இரண்டு சீட்டையும் மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். மூன்றாவதை என் மேஜைமேல் வைத்தார்.

"திட்டி எழுதியிருந்தாக்கூடத் தேவலீங்க. ஓடிப்போனவ வந்து நின்னான்னு எழுதியிருந்தாலும் நான் வந்தேன்னு இருந்திருக்கும்" என்றார். அழவில்லை. எனக்கு நன்றி வேறு சொன்னார். பன்னிரண்டரைக்குத் தாராபுரம் பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வரவும் வேண்டியதில்லை. நான் அத்தனை தாளையும் கிழித்தது தப்புதான், அதற்காவது ஒரு மன்னிப்பு இருக்கலாம். ஊரெல்லாம் போன் போட்டு அந்த ஒரு சீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன் பாருங்கள், அதற்கு இல்லை. அதைத் தேடாமல் விட்டிருந்தால், அரைபட்டுப்போன தாள்களில் எதிலோ தன்னைப் பற்றி அப்பா எழுதியிருப்பார் என்று காலம் பூராவும் நினைத்துக்கொண்டு அவர் இருந்திருப்பார்.