தண்ணீர்க்காரிக்கு எத்தனை நிமிடம்

ஓய்வூதியக்காரருக்குப் பேச்சுத்துணை வழங்கவும் இந்த நாட்டில் ஒரு சேவை உண்டு. விண்ணப்பித்தால், முன்பின் தெரியாத ஒருவர் கிழமைக்கு ஒருமுறை வந்து, காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போவார். விண்ணப்பிக்கும் முறை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் விண்ணப்பிக்கவில்லை. பதிலாகச் சீனத் தொடர்கள் பார்க்கிறேன்.

நோர்வேயில் நான் இருக்கும் ரொம்சோஸில் நவம்பர் மாதம் பின்னேரமே இருட்டிவிடும். மகள் தூரத்து நகரமான துரொண்ட்ஹெய்மில் இருக்கிறாள். கணவர் காலமான பிறகு சோபாவின் இரண்டு பக்கமும் எனக்கே சொந்தம். தொடரில் அரசிளங்குமரர்கள் மாளிகைப் படிகளில் ஏறி இறங்குவார்கள். நான் கீழே ஓடும் எழுத்தை வாசித்துக்கொண்டே கறிக்கு வெங்காயம் உரிப்பேன். தொடர் முடிந்ததும் கைபேசியை எடுப்பேன். நோர்வேயில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் சிலர் சேர்ந்து இந்தத் தொடர்களைப் பற்றிக் கதைக்கவென்றே ஒரு அழைப்புக் குழு வைத்திருக்கிறோம். உண்மையான நாடகம் அங்கேதான் தொடங்கும்.

போன மாதச் சண்டை ஒரு தளபதியைப் பற்றியது. கதாநாயகனின் நண்பன். விளம்பரத்தில் எல்லா இடமும் நின்றான். தொடரில் எப்போதாவது வந்தான்.

"ஆன்ட்டி, அவருக்கு ஸ்கிரீன் டைமே குடுக்கல. நாப்பது எபிசோடையும் சலிச்சு எடுத்தாலும் ஒரு எபிசோடு தேறாது. வெட்டிட்டாங்க!" என்றாள் ஸ்ட்ரோம்மனில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண்.

"வெட்டினது நல்லது. ஏர்லிக் தால்ட், அன்ரி, தாய் செத்துப்போறா, அவரின்ரை முகத்திலை ஒண்டும் அசையேல்லை." இது இங்கேயே பிறந்த மாணவி. 'உண்மையைச் சொன்னால்' என்பதை மட்டும் அவள் எப்போதும் நோர்வேஜிய மொழியில்தான் சொல்வாள்.

"அது அடக்கமான நடிப்பு!"

"அடக்கம் இல்லை அக்கா, அது நித்திரை."

நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஓய்வு பெறும்வரை, கொம்யூன் எனப்படும் நகரசபையின் அலுவலகத்தில் என் வேலை முறையீடுகளைப் பரிசீலிப்பது. முறையீடு வந்தால் உரிய காலத்துக்குள் வந்ததா, முறையிடுபவருக்கு அதற்கு உரிமை உண்டா, எந்த முடிவை எதிர்க்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்த ஆளுக்கு உண்மையில் என்ன கோபம் என்று பார்க்கும்படி எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. ஆனால், குப்பைத்தொட்டியின் இடத்தை எதிர்த்துப் பக்கம் பக்கமாக எழுதுபவரின் மனதில் பெரும்பாலும் குப்பைத்தொட்டி இருப்பதில்லை. அந்தத் தளபதிக்காக அழுத கோயம்புத்தூர்ப் பெண்ணின் வேலை நேரத்தைக் கடந்த கோடையில் குறைத்திருந்தார்கள். அதை அவள் குழுவில் சொன்னதில்லை.

அன்று நானும் வாயைத் திறந்தேன். சின்னப் பாத்திரத்துக்கு எவ்வளவு நேரம் என்ற சண்டையை எட்டு வயதிலேயே பார்த்துவிட்டேன், அதுவும் சீனப் படத்துக்காக, என்றேன்.

"ஜாஃப்னாலயா? அப்பவேவா? சும்மா சொல்லாதீங்க ஆன்ட்டி!"

சொல்லத் தொடங்குவதற்குள் அவளுக்குக் குழந்தையைக் கூட்டிவரப் போகும் நேரமாகிவிட்டது. மற்றவளுக்கு ரயில் வந்துவிட்டது. ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பொதுவுடைமைக் கட்சி இரண்டாக உடைந்தபோது மாமா சீனப் பக்கம் போனார். அப்பா எந்தப் பக்கமும் போகவில்லை, கந்தோர் வேலைக்குப் போனார்.

மாமாவின் கட்சிக்காரர்கள் ஊர் ஊராகச் சீனப் படம் காட்டினார்கள். நாலு முழ வேட்டிகளைச் சேர்த்துத் தைத்ததுதான் திரை. ஜெனரேற்றர் படத்தை விடச் சத்தமாக இருக்கும். படம் முழுக்கச் சீன மொழி. மாமாவின் கையில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கதைச்சுருக்கம் மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று எல்லாருக்கும் வசனம் சொல்வார். நிலப்பிரபு, கிழவன், மணப்பெண், எல்லாரும் கணக்கு வாத்தியாரின் குரலிலேயே கதைப்பார்கள். நாங்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை. சீனர்கள் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டோம்.

எங்கள் ஊருக்கு வந்த படத்தில் ஒரு ஆறு, அதற்குக் குறுக்கே ஒரு பாலம். கிராமத்தவர்கள் கட்டுவார்கள், வெள்ளம் கொண்டுபோகும், மறுபடி கட்டுவார்கள். வேலை செய்பவர்களுக்குச் சுடுதண்ணீர் கொண்டுவர ஒரு பெண் வருவாள். பஞ்சு வைத்துத் தைத்த சட்டை, கையில் மூக்கு வைத்த பெரிய கேத்தில், ஒரே ஒரு கோப்பை. வருவாள், ஊற்றுவாள், போவாள். அவ்வளவுதான் அவளுடைய பாத்திரம்.

பள்ளிக்கூட மைதானத்தில் படம் போட்டார்கள். வழக்கமாக எந்த விழாவுக்கும் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர்களை மாமா அன்று உள்ளே கூப்பிட்டு மணலில் இருத்தியிருந்தார். இடம் நெருக்கடியாகிவிட்டது என்பதைத் தவிர எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

தண்ணீர்க்காரி வந்தாள். திரையில் அவள் வாய் மூடியே இருந்தது. மைக்கில் மட்டும் பேசிக்கொண்டே போனாள்.

"வாங்கோ, எல்லாரும் வாங்கோ. கோப்பை ஒண்டுதான் இருக்கு. இவர் குடிச்ச கோப்பையிலை அவரும் குடிச்சால் பாலம் விழுந்திடுமோ? குடியுங்கோ."

பின்னால் யாரோ கைதட்டினார்கள். முன்வரிசைக் கதிரைகளில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு பாலம் விழுந்தாலும் எழுந்தாலும் அவள் எப்போது வருவாள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் விறாந்தையில் விமர்சனம் தொடங்கியது. கோயில் நிர்வாகத்தில் இருந்த பெரியப்பா காலையிலேயே வந்துவிட்டார்.

"அது நடிப்பே, தம்பி? கேத்திலைத் தூக்கிக்கொண்டு திரியிறது நடிப்பே?"

"பாரமான கேத்தில், பெரியத்தான். ஒருக்காத் தூக்கிப் பார்த்தால் தெரியும்," என்றார் மாமா.

"கதை பாலத்தைப் பற்றினது. அப்ப பாலத்தைக் காட்டு. இடையிலை இவளுக்கு என்ன அவ்வளவு பேச்சு?"

"சின்னப் பாத்திரம்தானே," என்றார் அப்பா, இரண்டு பக்கமும் பார்த்து. "கொஞ்சம் குறைச்சால் என்ன?"

"அவளுக்கு ஏதாவது ஒரு துக்கம் வைச்சிருக்கலாம்," என்று அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்து சொன்னார். "புருசன் ஆத்தோடை போயிட்டான் எண்டு. அப்ப சனம் அழுதிருக்கும். சண்டை வந்திராது."

அவள் நன்றாகத்தான் நடித்தாள் என்று நானும் என் தீர்ப்பைச் சொன்னேன். போய்ப் படி என்றார்கள்.

அந்தக் கிழமை முழுக்க ஊரே அதைத்தான் கதைத்தது. கடையில் நடிப்பு, கோயில் வீதியில் கதை, வாசிகசாலையில் அவள் வந்த நேரம். சனிக்கிழமை மறுபடி படம் போடுவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பெரியப்பா முடிவோடு வந்தார்.

"படம் போடு. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அவள் வரேக்கை மட்டும் நீ வாயை மூடிக்கொண்டு நில்."

"அவள் வரேக்கை கதைக்கத்தான் பெரியத்தான், நான் மைக்கையே பிடிச்சனான்."

அப்பா கதிரையை விட்டு எழும்பினார். அவர் எழும்புவது அபூர்வம். "அப்ப இந்த வீட்டிலை இருந்துகொண்டு கதைக்கேலாது, தம்பி," என்றார்.

மாமா தன் பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. ஒரு சீன நடிகையால் எங்கள் குடும்பம் உடைந்துவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். அது எனக்கு விசித்திரமாகவும் படவில்லை. பெரியவர்கள் நடிகர்களுக்காக அடிபடுவதை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் சந்தித் தேநீர்க்கடையில் சிலருக்குக் கிளாசிலும் சிலருக்குப் பழைய சோடாப் போத்தலிலும் தேநீர் கொடுத்த காலம் அது. போத்தல்காரருக்குப் போத்தல்தான் விருப்பம் என்று நான் நினைத்திருந்தேன். எல்லாச் சாதிக்கும் ஒரே கிளாஸ் வேண்டும் என்று மாமாவின் ஆட்கள் கடைக்குக் கடை போய் நின்றதும், அதற்காகத் தலைகள் உடைந்ததும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எவரும் அதை வாயால் சொல்லவில்லை. எல்லாரும் நடிப்பைப் பற்றியே பேசினார்கள்.

சனிக்கிழமைக்கு மைதானம் கிடைக்கவில்லை. பனங்காணிக்கு அப்பால், மாமா போய்த் தங்கியிருந்த பக்கத்தில் படம் போட்டார்கள். நாங்கள் போகவில்லை. பொழுதுபட்டதும் நான் முற்றத்தில் இருந்தேன். காற்று எங்கள் பக்கம் அடிக்கும்போது ஜெனரேற்றரும் மாமாவின் குரலும் வரும். காற்று திரும்பினால் இரண்டும் இல்லை. திரை இல்லாமல், முகம் இல்லாமல், வசனத்தை மட்டும் துண்டு துண்டாகக் கேட்டேன். தண்ணீர்க்காரி வந்துவிட்டாள் என்பது கைதட்டலில் தெரிந்தது. போன கிழமையை விட நிறையக் கதைத்தாள். எனக்குப் பக்கத்தில் மாமா இருந்த பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது. அத்தனை பேர் கேட்கும் குரலை நான் மட்டும் தனியாகக் கேட்பது போல இருந்தது. அது பெருமையா அழுகையா என்று தெரியவில்லை. இன்று பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சுவருக்குள்ளால் கேட்கும்போதும் எனக்கு அதே சந்தேகம்தான் வருகிறது.

அடுத்த கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்குப் போகாமல் பனங்காணியைக் கடந்து போனேன். என்னிடம் ஒரு இணக்கத் திட்டம் இருந்தது. மாமா தன்னோடு படிப்பிக்கும் ஒருவரின் வீட்டில் இருந்தார். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அவளைக் கொஞ்சம் குறையுங்கோவன். ரெண்டு வசனம் மட்டும் வையுங்கோ. ரெண்டெண்டால் அப்பா ஓம் எண்டுவார். பிறகு நீங்கள் வீட்டை வரலாம்."

மாமா சிரிக்கவில்லை. என்னை ஒரு தூதுக்குழுவாகவே நடத்தினார். "எந்த ரெண்டு?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். மற்றதெல்லாம் நீளம். "வாங்கோ எண்டுறதும், குடியுங்கோ எண்டுறதும்."

எண்ணெய்க் கையோடு மாமா தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியப்பாவுக்கு அந்த ரெண்டும்தான், பிள்ளை, பிடிக்கேல்லை."

"அப்ப அந்த ரெண்டையும் விட்டிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கோ."

"மிச்சம் என்ன இருக்கு? கேத்தில்தான் இருக்கு," என்றார்.

அந்த வீட்டு மாமி இரண்டு கிளாசில் தேநீர் கொண்டுவந்தார். ஒன்றை மாமாவிடம் கொடுத்தார். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"பிள்ளை குடிக்குமோ, மாஸ்ரர்?"

"பிள்ளையைக் கேளுங்கோ."

வெயிலில் நடந்து வந்திருந்தேன். வாங்கிக் குடித்தேன். கடைசி வாய் வரைக்கும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளாசைத் திருப்பி வாங்கத்தான் நிற்கிறார் என்று நினைத்து அவசரமாகக் குடித்து முடித்தேன். மாமா வேலிப் படலை வரைக்கும் வந்தார்; அதற்கு மேல் வரவில்லை. அதன் பிறகு ஒருநாளும் அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை. என் திட்டம் நிராகரிக்கப்பட்டதைக் கூட எனக்கு யாரும் அறிவிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை முகம் கழுவவென்று கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"மெலிஞ்சிட்டானோ?"

"இல்லை. சைக்கிளுக்கு எண்ணெய் விடுறார்."

"அங்கை ஏதும் குடிச்சனியோ?"

"ஓம். தேத்தண்ணி. அந்த வீட்டு மாமி தந்தவ."

அம்மா படலைப் பக்கம் பார்த்தார். அப்பா இன்னும் வரவில்லை.

"ஆரும் கேட்டால் குடிக்கேல்லை எண்டு சொல்லு. அப்பாவுக்கும் சொல்லாதை. விளங்கிச்சோ?"

எனக்கு நன்றாக விளங்கியது. சாப்பாட்டுக்கு முன் தேநீர் குடித்தால் பசி கெட்டுவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதை மீறியது நான்தான். குற்றத்தை ஏற்றுக்கொள்வதே முறை என்று பட்டது.

"இனிமேல் சாப்பாட்டுக்கு முன்னம் குடிக்கமாட்டன், அம்மா."

அம்மா வாளியைப் பாதியில் நிறுத்தி, கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

"நல்ல தேத்தண்ணியோ?"

"நல்ல இனிப்பு," என்றேன். அடி விழாமல் தப்பிய சந்தோசத்தில் முகத்தை நீட்டினேன், அவர் தண்ணீர் ஊற்றுவதற்காக.