ஃப்ரீ கார்ட்

வெள்ளவத்தையில கடல் பக்கமாப் போற ஒரு ஒழுங்கைக்குள்ள, ரெண்டாம் மாடியில, எனக்கு அரசறிவியல் டியூஷன் குடுத்த சேரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுறன். பிறகு ஆரும் வந்து "என்ன இருந்தாலும் குருவெல்லே" எண்டு எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

எனக்குப் பிறந்ததில இருந்தே கண் தெரியாது. கொட்டாஞ்சேனையில இருந்து அம்மாவின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு, ரெண்டு பஸ் மாறி அந்தக் கிளாசுக்குப் போனனான். என்ர பள்ளிக்கூடத்தில அந்தப் பாடத்துக்கு ரீச்சர் இல்லை. ஏ.எல். சோதினை பாஸ் பண்ணிக் கம்பசுக்குப் போறதெண்டால் எனக்கு இருந்த ஒரே வழி அந்த மாடிப்படிதான். பிரெய்ல் தெரியும், ஆனால் சேர் கதைக்கிற வேகத்துக்குப் பிரெய்லில குத்தி எழுத எந்தக் கொம்பனாலயும் ஏலாது. அதால முதல் நாளே கேட்டன்.

"சேர், போனை மேசையில வைச்சு ரெக்கோர்ட் பண்ணட்டே?"

"அது சரிவராது மகள். ஒருத்திக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேணும்."

அவற்ற பயம் எனக்கு விளங்காமல் இல்லை. பாடம் வட்ஸ்அப்பில சுத்தத் தொடங்கினால் பிறகு ஆர் காசு கட்டிக் கிளாசுக்கு வரப்போகினம்? டியூஷன் குடுக்கிற கனபேர் தங்கட நோட்ஸை அடைகாக்கிற கோழி மாதிரித்தான் வைச்சிருப்பினம், கிட்டப் போனால் கொத்துவினம். சரி, பயம் இருக்கட்டும். ஆனால் அடுத்ததா அந்த மனுசன் செய்த வேலையைக் கேளுங்கோ. மைக்கை எடுத்து, கிளாஸ் முழுக்கக் கேக்க, "இந்தப் பிள்ளைக்கு இண்டையில இருந்து ஃப்ரீ கார்ட்" எண்டார். காசு கட்டத் தேவையில்லை, சும்மா வரலாம். பிள்ளையள் எல்லாம் கை தட்டிச்சினம். பின்னுக்கு நிண்ட அம்மா மூக்கை உறிஞ்சினது எனக்குக் கேட்டது.

சீ! நான் உன்னட்டக் காசோ கேட்டனான்? தாகத்துக்குத் தண்ணி கேட்டவளுக்கு மாலை போட்டு அனுப்பின கதைதான்.

திரும்பி வரேக்க பஸ்ஸில அம்மாவோட சண்டை. "காசைக் கட்டியே போவம் அம்மா. அப்பத்தான் நிமிந்து நிண்டு கேக்கலாம்" எண்டன்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதை. அந்த மனுசன் தங்கமான மனுசன். வாயை மூடிக்கொண்டு படி" எண்டா.

வாயை மூடத்தான் வேண்டி வந்தது. ஃப்ரீ கார்ட்டின்ர வேலையே அதுதான். காசு கட்டினவள் சத்தம் போடலாம். சும்மா வாறவள் சத்தம் போட்டால் நன்றி கெட்டவள்.

கிளாசில சேர் போர்டில என்னவோ கீறுவார். கீறிப்போட்டு, "இதையும் இதையும் சேர்த்துப் பாருங்கோ, அப்ப இது வருகுது, விளங்கிச்சோ?" எண்டுவார். எல்லாரும் ஓம் எண்டுவினம். ஒருநாள் எனக்குப் பொறுக்கேல்லை. "எது சேர்?" எண்டு கேட்டிட்டன். கிளாஸ் கொல்லெண்டு சிரிச்சது. சேரும் சிரிச்சார். "நீங்கள் வடிவாக் கேட்டுக்கொண்டிருந்தாக் காணும் மகள். உங்களைப் போல ஆக்களுக்கு ஞாபகசக்தி கூடத்தானே?"

விசர்க்கதை. காலையில சீப்பை எங்க வைச்சனான் எண்டே எனக்குப் பின்னேரம் ஞாபகம் இராது. அண்டைக்கு அவர் படிப்பிச்ச பாடம் என்ன தெரியுமோ? அடிப்படை உரிமைகள். சட்டத்தின் முன் சகலரும் சமம். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் எண்டு சும்மாவோ சொல்லி வைச்சவை.

இதுக்குள்ள ஆள் பெரிய புதுமை செய்யிறன் எண்டு ஒரு ஆப் விட்டார். பாடம் எல்லாம் வீடியோவா அதுக்குள்ள இருக்கு, இனிக் கவலையில்லை எண்டு அம்மா சந்தோசத்தில துள்ளினா. என்ர போன் திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்லும். ஆப்பைத் திறந்தால் அது சொல்லுது, "பெயரில்லாத பட்டன்." விரலை நகர்த்தினால், "பெயரில்லாத பட்டன்." இன்னும் நகர்த்தினால், "பெயரில்லாத பட்டன்." பாடம் எந்தப் பட்டனுக்குப் பின்னால இருக்கெண்டு கடவுளுக்குத்தான் தெரியும். சேரிட்டச் சொன்னன். "டெவலப்பரிட்டச் சொல்லுறன் மகள்" எண்டார். இண்டை வரைக்கும் அந்தப் பட்டனுகளுக்கு ஆரும் பெயர் வைக்கேல்லை.

கடைசியில என்னைக் கரை சேர்த்தது அம்மாதான். கிளாசில அச்சடிச்சுக் குடுக்கிற நோட்ஸ், டியூட் எண்டுவினம், அந்தக் கட்டை எடுத்து, சமைச்சுக்கொண்டே ஒவ்வொரு பக்கமா என்ர போனுக்குள்ள வாசிச்சா. அம்மா எட்டாம் வகுப்போட நிண்டவ. 'அதிகாரப் பரவலாக்கல்' எண்ட சொல்லை மூண்டாப் பிளந்துதான் வாசிப்பா. நடுவில குக்கர் விசில் அடிக்கும். "பொறு பிள்ளை, பருப்பு" எண்டிட்டு எழும்பிப் போவா, அதுவும் ரெக்கோர்டிங்கில கிடக்கும். அந்தப் பருப்பையும் சேர்த்துத்தான் நான் பாடமாக்கினனான். சோதினையில நான் சொல்லச் சொல்ல இன்னொராள் எழுதினா. அந்தப் பாடத்துக்கு ஏ கிரேட்டில சித்தி. கம்பசும் கிடைச்சது.

உடன சேர் என்ர படத்தைப் போட்டுப் போஸ்டர் அடிச்சு ஒழுங்கை வாசலில ஒட்டினார். "கண்ணொளி இல்லாதவளுக்கும் கல்வியொளி" எண்டு போட்டிருக்காம். அம்மா பெருமையா வாசிச்சுச் சொன்னா.

அந்தப் போஸ்டரைப் பாத்துத்தான் மாளிகாவத்தையில ஒரு உம்மா தன்ர மகளைக் கொண்டுவந்து அதே கிளாசில சேர்த்தவ. அவளுக்கும் கண் தெரியாது. எப்பிடியோ என்ர நம்பரைத் தேடிப் பிடிச்சுப் போன் எடுத்தாள். "அக்கா, சேர் ரெக்கோர்ட் பண்ண உடமாட்டாராம். நீங்க எப்பிடிப் படிச்ச?" சோதினைக்கு நாலைஞ்சு மாசம்தான் இருந்தது. அம்மா வாசிச்சதைக் குடுக்கலாமெண்டால், டியூட் இப்ப மாறியிருக்கும் எண்டு நினைச்சன்.

அதே கிழமை சேரும் எடுத்தார். கல்வியில புத்தாக்கம், எல்லாரையும் உள்வாங்கிறது எண்டு ஒரு பெரிய ஹோட்டலில கூட்டமாம், அவரும் பேசுறாராம். "நீங்கள் வந்து ரெண்டு வார்த்தை சொல்ல வேணும் மகள். நீங்கள்தானே எங்கட வெற்றிக்கதை." வேற நேரமெண்டால் போனை அடிச்சு வைச்சிருப்பன். அந்தப் பிள்ளைக்காக ஓம் எண்டன்.

ஹோட்டலில ஒராள் மாறி ஒராள், உலகத்தில எந்த மூலையில எந்தப் பிள்ளைக்கு என்ன கருவி குடுத்தவை எண்டு கதைச்சினம். "இந்தப் படத்தில தெரியிற மாதிரி" எண்டு சொல்லாத ஆள் இல்லை. படத்தில என்ன இருக்கெண்டு எனக்குச் சொன்ன ஆளும் இல்லை. என்ர முறை வர, நான் மைக்கைப் பிடிச்சு ஒரு கேள்விதான் கேட்டன்.

"சேர், உங்கட கிளாசில இப்ப கண் தெரியாத இன்னொரு பிள்ளை இருக்கிறாள். இந்த ஞாயிறு அவள் போனை மேசையில வைச்சுப் பாடத்தை ரெக்கோர்ட் பண்ணலாமோ?"

சேர் தொண்டையைச் செருமி, "கட்டாயம் மகள், இதிலென்ன கேள்வி?" எண்டார். கை தட்டல் நிக்கவே இல்லை. பக்கத்தில இருந்தவர் என்ர முதுகில தட்டி "வெரி குட்" எண்டார். நானும் விசரி மாதிரி நம்பி, பிள்ளைக்கும் சொல்லிட்டன்.

ஞாயிறு பின்னேரம் பிள்ளை போன் எடுத்தாள். "அக்கா, வாசல்லயே போன வாங்கி வெச்சிட்டாங்க. ஹோட்டல்ல சொன்னாராமேன்னு உம்மா கேட்டா. சேர் சிரிச்சிட்டு, எனக்கு ஃப்ரீ கார்ட் தந்தாரு. மைக்கில சொன்னாரு அக்கா. எல்லாரும் கை தட்டின. உம்மாவுக்குச் செரியான சந்தோசம்."

அம்மா குசினியில நிண்டவ. போய்ச் சொன்னன். சேரை ஒருநாளும் ஒரு சொல் குறைச்சுச் சொல்லாத அம்மா, கையில இருந்த அகப்பையை வைச்ச சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ளைக்கும் கார்ட்டோ?"

"ஓம் அம்மா."

"நான் வாசிச்சது எல்லாம் உன்னட்டக் கிடக்குத்தானே? அனுப்பு" எண்டா.

பிள்ளையிட்டக் கேட்டுப் பாத்தால், புத்தாக்கம் பேசுற சேர் டியூட்டில ஒரு பக்கமும் மாத்தேல்லை, அதே பாடம், அதே உதாரணம். அவ்வளவையும் பிள்ளைக்கு அனுப்பினன். குக்கர் விசிலோட, பருப்போட. அனுப்பிப்போட்டு ஒரு வார்த்தையும் சொன்னன்: "நீ கேட்டு முடிச்சிட்டுக் கிளாசில எல்லாருக்கும் அனுப்பு."

ஒரு கிழமை போகேல்லை. மட்டக்குளியில இருந்து பாமன்கடை வரைக்கும் பிள்ளையள் பஸ்ஸில காதில மாட்டிக்கொண்டு அம்மாவைக் கேக்கினமாம். சேர் போன் எடுத்தார். மகள் எண்டு கூப்பிடேல்லை.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்? என்ர இவ்வளவு வருச உழைப்பு! அந்தப் பிள்ளைக்கு மட்டும் குடுத்திருந்தாலும் பரவாயில்லை!"

"நீங்கள்தானே சேர் சொன்னீங்கள், ஒருத்திக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேணும் எண்டு" எண்டன். "விட்டிட்டன்."