அடிப்பெட்டியை உருவலாமா?

போன வாரம் எங்கள் வீட்டை ஒரு எண் படாத பாடு படுத்திவிட்டது. எண் 64. அதன் தலையில் அடுக்காக 2/3 என்று ஒரு பின்னம்.

என் வீட்டுக்காரர் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இருபது வருஷமாக கேபினில் உட்கார்ந்து, குனிந்து கீழேயே பார்த்துப் பார்த்துக் கழுத்து போய்விட்டது. தரையில் நின்று பார்க்கும் சூப்பர்வைசர் வேலைக்குப் பரீட்சை வைத்தார்கள். வயது வரம்புப்படி இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. கால்குலேட்டர் கூடாது. ஒரே மணி நேரம்!

மாதிரித் தாளில்தான் அந்த 64. மனிதர் 64-ஐ 64-ஆல் பெருக்கினார். 4096. அப்புறம் அதற்குக் கனமூலம் தேடி 12, 13, 14 என்று ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்து... ஒரு பக்கம் நிறைந்த பிறகு 16 வந்தது.

விடை சரிதான். ஆனால் ஒரு கணக்குக்கு இருபது நிமிஷம் என்றால் மிச்சத்தை யார் போடுவது?

"ஏங்க, கீழ உள்ள 3-அ மொதல்ல பாருங்க. 64-க்குக் கனமூலம் 4. அதுக்கு வர்க்கம் 16. ரெண்டே வரி" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏளா, மேல உள்ளத எறக்காம அடியில கெடக்க பெட்டிய உருவச் சொல்லுதியே... மேல உள்ளது தலையிலல்லா விழும்!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கப்பலில் கன்டெய்னர் இறக்குவதுபோலவே பின்னத்தையும் இறக்கிக்கொண்டிருக்கிறார்!

"இது கணக்குங்க. ஒண்ணும் விழாது."

"நீ கிரேன் ஓட்டிருக்கியா?"

நான் தோசை வார்க்கப் போய்விட்டேன். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். இன்னும் எத்தனை வருஷம் அந்தக் கழுத்துக்குத் தைலம் தேய்ப்பது?

பரீட்சை முடிந்து வந்தவர் முகம் வெளிறியிருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"32. அடுக்கு 4/5."

32-ஐ நான்கு தடவை போட்டுப் பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டும். அதற்கப்புறம் ஐந்தாம் மூலம் வேறு.

"என்னங்க செஞ்சீங்க?"

"கண்ண இறுக்க மூடிக்கிட்டு அடியில உள்ள 5-அ உருவிட்டேன். 2 வந்துது. அத நாலு தடவ போட்டுப் பெருக்கினா 16."

"ஏதாவது விழுந்துதா?"

"இல்ல... ஆனா நாற்காலிய ஒரு அடி பின்னால தள்ளிப் போட்டுக்கிட்டேன்."

முந்தாநாள் ரிசல்ட். பாஸ்! அடுத்த மாதத்திலிருந்து தரையில் வேலை, நிமிர்ந்த கழுத்து. சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நேற்றுக் காலை அறையில் தடாலென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், பீரோவின் மேல் தட்டிலிருந்து என் புடவைகள் அத்தனையும் சரிந்து அவர் தலைமேல். கையில் மட்டும் புடவை அடுக்கின் அடியிலிருந்து உருவிய நீலச் சட்டை.

புடவைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தலையில விழும்னு அன்னைக்கே சொன்னேம்லா?"