மார்னியின் மட்டையும் ஹில்டாவின் தொண்டையும்

ஹில்டா வான் எட்டனுக்கு எரிச்சல் வராத நாள் ஒன்றை முப்பது வருடத்தில் காட்டு என்றால் ஆஷ்மோர் கல்லூரியில் ஒருவராலும் காட்ட முடியாது. ஜெயித்த நாட்களில்தான் அது கூடுதலாக வரும். தோற்றால் அவள் அணிப் பெண்கள் தாங்களாகவே வாயை மூடிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஜெயித்தால் பாட்டுப் போட்டு உயிரை வாங்குவார்கள். அவளோ முந்நூற்று நாற்பது ஆட்டங்களுக்கு மேல் ஜெயித்துத் தொலைத்திருந்தாள். அவ்வளவு பாட்டையும் கேட்டிருந்தாள்.

இதில் வேடிக்கை, அவள் கோச் வேலைக்கு வரவே இல்லை. 1985-இல் ஆஷ்மோருக்கு வந்தது நீச்சலும் முதலுதவியும் கற்றுக்கொடுக்க. சேர்ந்த இரண்டாம் நாள் டீன் கூப்பிட்டு அனுப்பினார்.

"பொண்ணுங்க லாக்ராஸ் டீமுக்கு ஆள் இல்ல. நீங்களே பாத்துக்கிட்டா நல்லாருக்கும்."

ஹில்டா மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவள். பள்ளியில் ஹாக்கி ஆடியிருக்கிறாள். பந்தை ஏந்தி எறிய நுனியில் வலை கட்டிய அந்த லாக்ராஸ் மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை.

"எனக்கு அது தெரியாதே."

"அவங்களுக்கும் தெரியாது" என்றார் டீன்.

உண்மையைத்தான் சொல்லியிருந்தார். பன்னிரண்டு பேர் ஆட வேண்டிய ஆட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். நீச்சல் வகுப்பிலிருந்து ஒருத்தியை மிரட்டி இழுத்து வந்து கணக்கைச் சரிக்கட்டினாள். முதல் ஆட்டம் இருபத்திரண்டுக்கு ஒன்று. அந்த ஒன்றும் எதிரணிக்காரி தன் கோலிலேயே தட்டிவிட்டது.

வேறொருத்தியாக இருந்தால் அடுத்த நாளே நீச்சல் குளத்துக்கு ஓடியிருப்பாள். ஹில்டாவுக்குத் தோற்றது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வேனை அவளே ஓட்டினாள், உடுப்பை அவளே துவைத்தாள், மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டை அவளே போட்டாள். ஏப்ரலில் பனி கொட்டினால் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மண்வாரியால் அள்ளினாள். பனி போனால் ஏரிப்பக்கத்துக் காட்டு வாத்துகள் வந்து புல் முழுக்க எச்சமிட்டு வைக்கும், அதையும் அள்ளினாள். ஆண்கள் அணிக்கு மாலை நாலு மணி மைதானம், பெண்கள் அணிக்கு விடியற்காலை ஆறு என்றிருந்ததை மாற்ற மூன்று டீன்களோடு சண்டை போட்டாள். முதல் இரண்டு பேர் ஓய்வு பெற்றுப் போனார்கள். மூன்றாமவர் அவள் குரலைக் கேட்கச் சகிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

குரல் அப்படி. அதே குரலைப் பெண்களிடமும் எதிர்பார்த்தாள். பயிற்சியில் பந்தைத் தவறவிட்டவள் நின்ற இடத்திலிருந்தே "என் தப்பு!" என்று கத்த வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். முனகினால் செல்லாது. ஹில்டா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "கேக்கல!" என்பாள். வேலிக்கு அப்பால் மேய்கிற வாத்துகள் எழுந்து பறக்கும்வரை கத்த வேண்டும். பிள்ளையை அவமானப்படுத்துகிறாள் என்று பெற்றோர்கள் கடிதம் எழுதினார்கள். பிற்பாடு மின்னஞ்சல் எழுதினார்கள், பக்கம் பக்கமாக. எல்லாருக்கும் ஒரே பதில்தான் போகும்: தப்பை ஒத்துக்கொள்வது அவமானம் என்றால் மறைப்பது மட்டும் என்ன மானமா?

ஹில்டா மட்டும் ஒருமுறைகூட "என் தப்பு" என்று கத்தியதில்லை. கத்துகிற அளவுக்குத் தான் ஏதும் செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

இன்னொரு சட்டம் 1996-இல் வந்தது. ஆட்டத்தின் பொது விதிப்படி, மட்டையின் வலையில் பந்தை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், பந்தின் தலை விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். மழையில் வலை தொய்ந்து பந்து உள்ளே ஒளிந்துகொண்டால் மட்டை செல்லாது. அதில் போட்ட கோலும் செல்லாது. கயிற்றை இழுத்துக் கட்டிக்கொள்வது ஆடுகிறவள் பொறுப்பு. எதிரணிக் கோச்சுக்குச் சந்தேகம் வந்தால் நடுவரிடம் சொல்லிச் சோதிக்க வைக்கலாம். அந்த வருட இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கோலெட் என்கிற பெண் கோல் போட்டாள். எதிரணிக் கோச் மெல்ல நடந்து போய் நடுவர் காதில் சொன்னார். கோல் போயிற்று, கோப்பை போயிற்று, ஊர் வந்து சேரும்வரை கோலெட் பேருந்தில் அழுதுகொண்டே வந்தாள்.

"சட்டத்துல இடம் இருக்கு" என்றாள் ஹில்டா அன்றைக்கு. "ஆனா மனுஷியா இருக்கறவ கேக்க மாட்டா. என் டீம்ல இருந்தவ யாரா இருந்தாலும், எங்க போனாலும் சரி, கேக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

கோலெட்டுக்கு மிக நன்றாகப் புரிந்தது. இப்போது அவளே பக்கத்து ஊர் வெக்ஸ்லி கல்லூரியின் கோச். பதினொரு வருடமாக ஒரு மட்டையையும் சோதிக்கக் கேட்டதில்லை.

இனி மார்னி. நாலாம் வருடத்துப் பெண், இடதுகைக்காரி, ஆட்டத்துக்கு மூன்று கோல் நிச்சயம். காதில் எப்போதும் பாட்டுக் கருவி. எதைச் சொன்னாலும் "சரி கோச்." சொன்னதில் பாதி காற்றோடு போகும். இந்த வருடத்திலேயே இரண்டு முறை ஆட்டத்துக்கு முன்னால் அவள் மட்டையை ஹில்டா பிடுங்கிப் பார்த்து, "இது மட்டையா, மீன் பிடிக்கிற வலையாடி?" என்று தானே இழுத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

2015-இல் வட்டாரக் கோப்பையின் இறுதி ஆட்டம் ஆஷ்மோரில், வெக்ஸ்லியோடு. அந்த வாரத் திங்கட்கிழமை விளையாட்டுத் துறைத் தலைவர் லைல் பென்ட் ஹில்டாவைத் தன் அறைக்கு அழைத்து நாற்காலி போட்டார். நாற்காலி போட்டாலே விஷயம் நல்லதாக இருக்காது.

"ஹில்டா, நீங்க தேசியப் போட்டிக்குப் போயி ஒன்பது வருஷம் ஆச்சு. இந்தத் தடவை ஜெயிச்சுப் போயிட்டா அடுத்த வருஷமும் நீங்கதான். இல்லேன்னா, புது ரத்தம் வேணும்னு மேல பேசிக்கிறாங்க."

"மேல யாரு? இந்தக் கட்டடத்துல உங்க ரூமுதானே கடைசி மாடி?"

லைல் தண்ணீர் குடித்தார்.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. இடைவேளையில் வெக்ஸ்லி ஆறு, ஆஷ்மோர் ஐந்து. மார்னி கடந்து போகும்போது ஹில்டா அவள் மட்டையைப் பார்த்தாள். வலை தொய்ந்திருந்தது.

"கட்டு."

"சரி கோச்" என்று வாயில் ஆரஞ்சுச் சுளையோடு சொல்லிவிட்டு, காதில் கருவியைச் செருகிக்கொண்டு மார்னி உடை மாற்றும் அறைப் பக்கம் போனாள். அந்த நேரம் பார்த்துக் கோல் காப்பவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஹில்டா அங்கே ஓடினாள். மறுபடி திரும்பிப் பார்க்க நேரம் இல்லை.

ஒன்பதுக்கு ஒன்பது. முப்பத்தெட்டு வினாடி பாக்கி. மார்னி இரண்டு பேருக்கு நடுவே புகுந்து தாழ்வாக அடித்தாள். பத்து. பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கத்தினார்கள். ஹில்டாவின் கண் மட்டையின் மேலேயே இருந்தது. தூரத்திலிருந்து பார்க்க, நனைந்த காலுறை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது அந்த வலை. கட்டவில்லை. எங்கே கட்டப் போகிறாள், ஆரஞ்சு தின்னவே நேரம் போதவில்லையே.

எதிர்ப்பக்கம் பார்த்தாள். கோலெட்டும் மட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல்.

அங்கேதான் ஹில்டாவுக்குச் சிக்கல். இப்படியே விட்டால் கோப்பை, தேசியப் போட்டி, அடுத்த வருடம், எல்லாம் கையில். கேட்காதே என்று சொல்லிக் கொடுத்தவள் அவள், கேட்காமல் நிற்பவள் அவள் வளர்த்த பெண். அதில் ஜெயிப்பதா? மார்னியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். பெண்களிடம் விசாரிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மிச்சமிருந்த ஒரே இடைநிறுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, புள்ளி எழுதுகிறவர்களின் மேசைக்கு விறுவிறுவென்று நடந்தாள். கோலெட்டும் வந்தாள்.

"மட்டையப் பாக்கச் சொல்லுடி" என்றாள் ஹில்டா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேன் கோச்."

"உனக்குக் கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. கேக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்க."

"இப்ப நானே சொல்றேன், கேளு."

"பதினொரு வருஷமா அதைத்தான் என் பொண்ணுங்களுக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன். அவங்க முன்னாடி எப்படிக் கேப்பேன்? வேணும்னா நீங்களே கேளுங்க."

ஹில்டா நடுவர் பக்கம் திரும்பினாள். "என் பொண்ணோட மட்டையப் பாருங்க."

"சொந்த டீம் மட்டையைச் சோதிக்கச் சொல்ல முடியாதும்மா" என்றார் நடுவர். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் ஒழுகியது. "அவங்கதான் சொல்லணும். சீக்கிரம் முடிவு பண்ணுங்க, நான் மழைல நிக்கிறேன்."

"கோலெட், என்னைத் திருடியா ஆக்காதே."

கோலெட் வானத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "உங்களோட ஒரே தலைவலி!" என்று கத்திவிட்டு நடுவரிடம், "சரி, பாருங்க. நான் கேக்கறேன். போதுமா?" என்றாள்.

மார்னி மட்டையை நீட்டினாள். அவள் நடுவரைப் பார்க்கவில்லை, ஹில்டாவைப் பார்த்தாள். நடுவர் பந்தை வலையில் வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பந்தின் தலை விளிம்புக்கு மேலே, நகக்கண் அகலத்துக்கு, மஞ்சளாகத் தெரிந்தது.

மட்டை செல்லும். கோல் செல்லும். வீணாகச் சோதிக்கக் கேட்டதற்குத் தண்டனையாக, இரு அணிக்கும் பொதுவாகப் போட வேண்டிய பந்தும் ஆஷ்மோருக்கே. மிச்ச வினாடிகள் முழுக்க ஹில்டாவின் பெண்கள் பந்தைத் தங்களுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். வெக்ஸ்லியின் கைக்கு அது வரவே இல்லை.

"திருப்தியா?" என்றாள் கோலெட். "பந்து என் கைக்கு வந்திருக்கலாம். அந்த வாய்ப்பையும் பிடுங்கிட்டீங்க." பதிலுக்கு நிற்காமல் தன் பெண்களைத் திரட்டிக்கொண்டு, மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற பேருந்துக்குப் போய்விட்டாள்.

லைல் குடையோடு ஓடி வந்தார். "ஹில்டா! அடுத்த வருஷமும் நீங்கதான்!"

"வழிய விடுங்க லைல்."

எல்லாரும் கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ள நின்றார்கள். மார்னி நிற்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் மட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் ஒன்றும் இல்லை.

"நான் கட்டினேன் கோச்."

"நீ ஆரஞ்சு தின்னுக்கிட்டே போனதைப் பாத்தேன்."

"உள்ள போய் உக்காந்து கட்டினேன். ரெண்டு முடிச்சு போட்டேன்." கயிற்றின் முனையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு முடிச்சு இருந்தது. "ஏன்டி கட்டலன்னு என்கிட்ட வந்து திட்டியிருக்கலாம். அத விட்டுட்டு, என்னைப் பிடிச்சுக் குடுன்னு கோலெட் கோச்கிட்ட போய்க் கெஞ்சினீங்க. எல்லாரும் பாக்க."

ஹில்டா அந்த முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கட்டாமல் வந்தாயே என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் இதே மாதிரிக் காரணங்களோடு வந்து நின்ற பெண்களுக்கு முப்பது வருடமாகத் தான் என்ன பதில் சொன்னோம் என்பது அவளுக்கு மறக்கவில்லை. இத்தனை வருட எரிச்சலில் இன்றைக்குத்தான் முதல்முறையாக அது முழுக்கத் தன்மேலேயே வந்தது. தாங்க முடியவில்லை.

"என் தப்பு" என்றாள்.

மார்னி சிரிக்கவில்லை. காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். "கேக்கல."

"என் தப்பு!"

படத்துக்கு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். லைலின் குடை கோணியது. மார்னி தலையை ஆட்டினாள். "கோலெட் கோச்சுக்கும் கேக்கணும்."

ஹில்டா சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி மழைக்குள் இறங்கினாள். மூன்று டீன்களோடு சண்டை போட்ட தொண்டையைத் திறந்து ஏரிப்பக்கம் பார்த்துக் கத்தினாள். பேருந்தில் பையை ஏற்றிக்கொண்டிருந்த கோலெட் நிமிர்ந்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள்.

"கேக்கல!"

நாலாவது முறைதான் வாத்துகள் எழுந்தன.