டாங்கி மூடியில் ஒரு ரப்பர் வட்டம்

5.7.2025 – ரூ. 1,850
26.7.2025 – ரூ. 6,200
23.8.2025 – ரூ. 27,400
20.9.2025 – ரூ. 14,900
4.10.2025 – ரூ. 0

முதல் நான்கும் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் சிலுவைமுத்துவிடம் வாங்கியவை. ஃபில்டர், டர்போ குழாய், பம்ப், இன்ஜெக்டர். வண்டியின் கோளாறு தீர்ந்தது ஐந்தாவது தேதியில்.

சிலுவைமுத்து புன்னக்காயல்காரர். வயது நாற்பத்தேழு. பதினான்கு வயதில் அப்பாவின் வள்ளத்தில் ஏறியவர், முப்பத்தாறில் கயிற்றில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் போனபின் கடலை விட்டார். மனைவி லூர்து மேரியின் நகையை விற்று, 2008-ஆம் வருடத்து டீசல் கார் ஒன்றைப் பழசாக வாங்கினார். ஆத்தூர்ப் பக்கத்து ஆசிரியைகள் ஐந்து பேரைப் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவதுதான் பிழைப்பு. வாடகையைப் பள்ளியே கொடுத்தது. ஐவரில் ஒருத்தி என் மகள் லில்லி. இந்த ஜூன் வரை, ஆறு வருடத்தில் ஒரு நாளும் அவள் முதல் மணிக்குப் பிந்தியதில்லை.

ஜூன் கடைசியில் வண்டி இழுவை இழக்கத் தொடங்கியது. எல்லா நாளும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, எவ்வளவு மிதித்தாலும் இருபதுக்கு மேல் போகாது. கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு முறையும் மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, ஒரு சாமானை மாற்றி, பணம் வாங்கினார்கள். நான்காவது முறையோடு மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அங்கே சூப்பர்வைசரான ஹெப்ரான், ‘மண்ணெண்ணெய் கலந்த டீசலால் சேதம்’ என்று பில்லிலேயே எழுதிவிட்டார். ஒரு சொட்டு டீசலை எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமல் எப்படி எழுதலாம் என்று சிலுவைமுத்து கேட்டதற்கு நாலு பேர் முன்னால் சிரித்தாராம்.

“கடக்கரையில வள்ளத்துக்குக் குடுக்குற மானிய மண்ணெண்ணெய் வீட்டுக்கு வீடு கெடக்கு. உம்ம டாங்கியில பன்னீரா வே இருக்கும்?”

அதோடு விட்டாரா? அந்தப் பள்ளியின் பேருந்துகளும் அங்கேதான் பழுது பார்க்கப்படுகின்றன. பள்ளி அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டார். 22.9.2025 திங்கட்கிழமை ஒற்றை வரிக் கடிதத்தில் ஓட்டம் நிறுத்தப்பட்டது.

முப்பத்தெட்டு வருடம் அலுவலக எழுத்தராக இருந்தவன் நான். விசாரிக்காமல் ஒருவனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டும் தாளைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. லில்லி தாமதமான நாட்களில் தலைமையாசிரியைக்கு அனுப்பிய செய்திகள் அவள் போனில் இருந்தன. பதினொன்று. சிலுவைமுத்துவின் காரில் பெட்ரோல் பங்க் ரசீதுகள் அத்தனையும் கிடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பதினொரு நாளும் டாங்கியை நிரப்பிய நாள். பாதிக்குக் கீழே டீசல் இருந்த நாள் ஒன்றில்கூட வண்டி படுக்கவில்லை.

எனக்கே திக்கென்றது. டீசலில்தான் கோளாறோ? ஆனால் ரசீதுகள் மூன்று வெவ்வேறு பங்க்குகளுடையவை. இன்னொன்றும் தெரிந்தது: ஒர்க்‌ஷாப்பில் டீசலை உறிஞ்சிவிடுவார்கள் என்று பயந்து, ஒவ்வொரு முறையும் ஐந்து லிட்டரோடுதான் இவர் வண்டியை விட்டிருக்கிறார். நிறைந்த டாங்கியோடு அவர்கள் ஓட்டிப் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 4, சனிக்கிழமை, ஆத்தூரில் டாங்கியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். கருங்குளம் தாண்டியதும் வண்டி படுத்தது. டாங்கி மூடியை உடனே திறக்கச் சொன்னேன். டீசலை மோந்து பார்ப்பதுதான் என் எண்ணம். அவர் திருகியதும் டாங்கி உஸ்ஸென்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது.

சிலுவைமுத்து மூடியைத் திருப்பிப் பார்த்தபடி நின்றார். உள்ளே லாரி ட்யூபில் வெட்டிய ரப்பர் வட்டம். ஜூனில் அவரே போட்டது. பழைய வாஷர் கிழிந்து டீசல் வாடை அடிக்கிறது என்று ஆசிரியைகள் சொன்னார்களாம். உப்புத்தண்ணீர் போகாமல் வள்ளத்து டாங்கியில் போடுவதுபோலவே இதிலும் இறுக்கிப் போட்டிருக்கிறார். வள்ளத்து டாங்கிக்குக் காற்றுப் போகத் தனிக் குழாய் உண்டு. இந்தக் காருக்கு அந்தத் துளை மூடியிலேயே இருக்கிறது. ரப்பர் அதை அடைத்துவிட்டது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வராவிட்டால் இன்ஜினுக்கு டீசல் ஏறாது. நிறைந்த டாங்கியில் மேலே காற்றுக்கு இடமே கொஞ்சம்; அதனால் சீக்கிரம் திணறும். நிறுத்தி வைத்தால் பையப் பையக் காற்று உள்ளே கசிந்து சரியாகிவிடும்.

ரப்பரைப் பிடுங்கினார். பாளையங்கோட்டை போய்த் திரும்பினோம். ஓரிடத்திலும் நிற்கவில்லை. நான்கு முறை பணம் வாங்கியவர்களில் ஒருவர் அந்த மூடியைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். பதினொரு தேதிகள், ரசீது நகல்கள், மண்ணெண்ணெய்ப் பழியை நீக்கி ஓட்டத்தைத் திரும்பத் தர வேண்டும் என்ற கோரிக்கை. மூடியின் துளையில் அடைப்பு என்று மட்டும் எழுதி, ரப்பரை விட்டுவிட்டேன். வாசித்துக் காட்டியபோது சிலுவைமுத்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“அடச்சது நான்தான, அண்ணாச்சி. அது இதுல இல்லையே.”

எழுதினால் அதையே பிடித்துக்கொள்வார்கள் என்றேன்.

“பிடிக்கட்டும். அவன் பாக்காதத எழுதினான். நாம பாத்தத எழுதாம விட்டா அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?”

எனக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது. ஆனாலும் எழுதினேன், அவர் சொன்னபடியே முழுதாக.

பதில் மூன்று வரி. ஓட்டுநர் வண்டியில் தானே கைவைத்ததாக ஒப்புக்கொண்டிருப்பதால் முடிவில் மாற்றமில்லை. இது குறித்து இனிக் கடிதம் அனுப்ப வேண்டாம். மண்ணெண்ணெய் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்தக் கடிதம் வந்த தேதி: 17.10.2025, வெள்ளிக்கிழமை.