'விடு' என்று சொல்லும்வரை

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியும், ஸ்பிரிங்வெளிப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துரை மாறவில்லை. வெள்ளைக்காரத் துரைதான். அவருடைய சிவப்பு ரேஸ் காரில் இரண்டே பேர் உட்காரலாம். அதைப் பழுது பார்க்கும் என் அப்பா அந்த இரண்டு பேரில் சேர்த்தியில்லை. தோட்டத்து ஆட்கள் யாரும் அந்தச் சீட்டில் உட்காரக் கூடாது. ஆசைக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவன் வேலையையும் குடியிருந்த லயத்துக் காம்பராவையும் ஒரே நாளில் இழந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துரைமாருக்கு மலையேற்றக் கார்ப் பந்தயம். அப்பா ஒரு வாரமாக எஞ்சினைப் பிரித்துக் கரியைச் சுரண்டி, பெற்றோலும் காற்றும் போகும் துளைகளை உப்புத்தாளால் தேய்த்து மினுக்கியிருந்தார். வண்டி இப்போது பறக்கும் என்றார். பறக்கிற வண்டியை நிறுத்தவும் வேண்டுமே. பிரேக் எண்ணெய் கறுத்துப் போயிருந்தது.

அதை மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியில் படுத்துச் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள திருகைத் திறக்க, மற்றவர் பெடலை மிதிக்க வேண்டும். திருகை மூடி 'விடு' என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் குழாய்க்குள் காற்று ஏறிவிடும். அப்புறம் பெடலை மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. வழக்கமாக மிதிப்பவன் நெட்டையன். கதவுக்கு வெளியே நின்றபடியே காலை நீட்டிவிடுவான். பந்தயத்துக்கு முந்தின நாள் அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

மத்தியானம் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுச் சோறு கொண்டுவந்த அம்மா மாட்டிக்கொண்டாள். அம்மா குள்ளம். வெளியே நின்றால் கால் எட்டாது.

"ஏறி உக்காரு புள்ள."

"ஐயோ, நான் மாட்டேங்க. தொரை பாத்தா?"

"அவரு மலையில நிக்கிறாரு. பாப்பா பாத்துக்கும்."

பாப்பா நான்தான். வயது ஏழு. வாசலில் நின்று துரை வந்தால் சத்தம் கொடுக்க வேண்டும். அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துச் சீட்டில் விரித்து, அதன்மேல் நுனியில் உட்கார்ந்தாள். "அமுக்கு" என்றால் அமுக்கினாள், "விடு" என்றால் விட்டாள். மூன்று சக்கரம் முடிவதற்குள் நன்றாகச் சாய்ந்து, ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு அழகான அம்மாவை நான் பார்த்ததேயில்லை. வாசலை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலாவது சக்கரத்தில் அப்பா "அமுக்கு" என்றார். அம்மா அமுக்கினாள். அப்போது என்னைத் தாண்டி துரை உள்ளே வந்து, அப்பாவின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் நின்றார். சத்தம் கொடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அம்மா துரையைப் பார்த்துவிட்டாள். எழும்ப வேண்டும், ஆனால் காலை எடுக்க முடியாது. துரை நிற்க, அவருடைய சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். துரைக்குக் கார் தெரியும். அவள் காலைப் பார்த்தார்.

"உக்காரு. காலு எடுக்காதே," என்றார்.

அடியிலிருந்து 'விடு' வரவில்லை. துரை பைப்பில் புகையிலை அடைத்து, பற்றவைத்து, பாதிவரை இழுத்துவிட்டார். அம்மா முதலில் தலையைக் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். அதற்கும் அப்புறம்தான் "விடு" வந்தது.

துரை திரும்பிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடி, சேதமில்லாமல் திரும்பி வந்தார். அப்பாவின் வேலையும் பிழைத்தது.

பிரேக் வேலை நடந்த அன்றைக்குச் சாயந்தரமே லயத்துப் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீ தொரை காரை ஓட்டுனியாமே?"

"ஓட்டல. நிப்பாட்டுனேன்," என்றாள் அம்மா. லயமே சிரித்தது.

ராத்திரி அப்பாவிடம் மட்டும் கேட்டாள், "ஏன் அம்புட்டு நேரம்?"

"ஸ்பேனர் வழுக்கிடுச்சு," என்றார் அப்பா. "தொரை வந்ததே எனக்குத் தெரியாது."

நானும் நம்பினேன். அது நான் காவலைக் கோட்டைவிட்டதால் வந்த வினை என்று வெகுநாள் வருந்தவும் செய்தேன். காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பவர் கண்ணில் முதலில் படுவது, தலைமாட்டில் வந்து நிற்பவரின் சப்பாத்துக் கால்தான் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.