என் பெயரில் இன்னொருத்தி

இன்று குமுளியிலிருந்து கம்பம் வரும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில், தாயோடு வந்த பத்து வயதுச் சிறுமி என்னருகில் உட்கார்ந்தாள்.

பெயர் கேட்டேன்.

"பேச்சியம்மா."

"எம்பேரும் அதுதேன் ஆத்தா."

"எங்கப்பாவப் பெத்தவுக பேரு. மூத்த மகளுக்கு அதத்தேன் வைக்கணுமாம்."

"அப்பாவுக்கு எந்த ஊரு?"

"காமயகவுண்டன்பட்டி. பேரு மாயாண்டி. ஏலத்தோட்டத்துல கங்காணியா இருக்காக. ஊருல அவுகளுக்குச் சொந்தமுன்னு யாருமே இல்லையாம்."

என் அப்பாவும் அதே ஊர் மாயாண்டிதான். நான் நடை பழகும் முன்பே ஏலத்தோட்டத்துக்குப் போனவர். அடுத்த தைக்கு வந்துவிடுவார் என்று அம்மா இன்னும் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெயரை மூத்த மகளுக்குத்தான் வைப்பார்களாம். அப்படியென்றால் நான் அவருக்கு எத்தனையாவது மகள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.